எடை குறைந்தது சரி, குறைந்தது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுபது வயதைக் கடந்தவர்கள் உடல் எடையைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பொறுப்போடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால், அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், ஒரே மாதத்தில் பத்து கிலோ குறையும் என்று உறுதி கூறும் சத்து மாவு விளம்பரம் ஒன்று இருந்தது. அரசு மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இத்தகைய மாவை நான்கு மாதங்கள் குடித்த ஒருவரின் தம்பி என்ற முறையிலும், இது குறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

என் அக்காவுக்கு அறுபத்தேழு வயது. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலிக்காகப் பார்த்த மருத்துவர், எடையைக் குறைத்தால் வலி குறையும் என்று சொன்னார். அறிவுரை சரியானதே, எப்படிக் குறைப்பது என்பதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அந்த 'எப்படி' என்ற கேள்விக்கு, எங்கள் தெருவிலேயே வாடகை வீடு ஒன்றின் முன்னறையில் காலை ஆறு மணிக்குத் திறக்கும் ஊட்டச்சத்து மையம் விடை சொன்னது. ஏறி நின்றால் உடலின் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று காட்டும் எடை இயந்திரம், சுவரில் முன்னும் பின்னுமாக ஒட்டிய புகைப்படங்கள், கையில் ஒரு டம்ளர் இனிப்பான பானம். காலைச் சிற்றுண்டிக்கும் இரவு உணவுக்கும் பதிலாக அந்த மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் மட்டும் கொஞ்சம் சோறு சாப்பிடலாம் என்றார்கள். மாதம் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் செலவானது. விற்றவரும் பக்கத்துத் தெருப் பெண்மணிதான். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை, தனக்குச் சொல்லிக் கொடுத்ததை நம்பிச் சொன்னார்.

நான்கு மாதங்களில் ஒன்பது கிலோ குறைந்தது. திருமண வீடுகளில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாவது மாதத்தில், கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்தவர் தூணைப் பிடிக்காமல் எழ முடியவில்லை என்றார். நகரப் பேருந்தின் முதல் படியில் ஏற ஆள் தேவைப்பட்டது. அதற்கு அடுத்த மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு மருத்துவர் எடுக்கச் சொன்ன பரிசோதனைகளில் எலும்பின் அடர்த்தி குறைவு, வைட்டமின் டி குறைவு, பி12 மிகக் குறைவு என்று தெரிய வந்தது. அந்த மாவினால்தான் அவர் விழுந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரமான தரையும் பழுதான விளக்கும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால், அவர் உடலிலிருந்து போன ஒன்பது கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அந்த நான்கு மாதங்களில் ஒருவரும், மருந்துத் துறையிலிருந்த நான் உட்பட, கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியில் தெளிவான விடை இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, பருமனான 107 பேரை ஓராண்டு கவனித்து நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2011 இல் வெளியாயின. உணவை மட்டும் குறைத்தவர்கள் உடல் எடையில் 10 சதவீதத்தை இழந்தார்கள். உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்கள் 9 சதவீதத்தை இழந்தார்கள். தராசைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் பிரிவினர் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்று கிலோ தசை உள்ளிட்ட, கொழுப்பு அல்லாத பகுதி. இரண்டாம் பிரிவினருக்கு அது இரண்டு கிலோவுக்கும் குறைவு. இடுப்பு எலும்பின் அடர்த்தி முதல் பிரிவினருக்கு ஏறத்தாழ 3 சதவீதமும், இரண்டாம் பிரிவினருக்கு 1 சதவீதமும் குறைந்தது. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி வேறு: அந்த ஆய்வில் எல்லாப் பிரிவினருக்குமே கால்சியமும் வைட்டமின் டியும் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. மாத்திரை இருந்தும், உடலை அசைக்காதவர்களின் எலும்பு கூடுதலாகத் தேய்ந்தது.

இளம் வயதில் மூன்று கிலோ தசை போனால் திரும்பப் பெறலாம். அறுபத்தைந்துக்கு மேல் அது எளிதில் திரும்புவதில்லை. மாவை நிறுத்தியதும் எடை மட்டும் திரும்பி வருகிறது, அதுவும் பெரும்பாலும் கொழுப்பாக. ஆகவே, முதியவர் ஒருவர் எடை குறைத்து, பிறகு ஏற்றி, மறுபடி குறைக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய தசை தேய்ந்துகொண்டே போகும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், வாரத்துக்கு அரை கிலோ அளவில் குறைவதே பாதுகாப்பானது என்றும், எடை குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் கூறுகின்றன. மிக வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் கூடுகிறது. அந்த வழிகாட்டி, தசையை வளர்ப்பதற்காகப் புரத மாவுகளை வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர்க்கவும் சொல்கிறது.

எடையைக் குறைக்கவே வேண்டாம் என்று நான் வாதிடுவதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 23 ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ஆபத்து என்றும் மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், நம்மவர்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றில் சேர்வதுதான். மெலிந்த கை, மெலிந்த கால், முன்தள்ளிய வயிறு: நம் ஊர் ஓய்வூதியர் கூட்டம் எதற்காவது போய்ப் பார்த்தால் இது புரியும். அப்படிப்பட்ட உடலுக்குத் தேவை வயிற்றைக் குறைத்துத் தசையைக் காப்பது. தராசு முள்ளால் இதை அளக்க முடியாது. துணிக்கடை நாடாவால் ஓரளவு அளக்கலாம்.

இனி உணவுக்கு வருகிறேன். முதியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது வல்லுநர் குழுக்களின் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அறுபது கிராமாவது தேவை. காலையில் காபியோடு மூன்று இட்லி, மதியம் சோறு, நீர்த்த சாம்பார், ரசம், ஒரு பொரியல், மாலையில் காபியும் முறுக்கும், இரவில் இரண்டு தோசை என்று நாளைக் கழிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, என் கணக்கில், நாற்பது கிராம் கிடைத்தால் அதிகம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின்படி, இந்தியர்களின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது. பற்றாக்குறை உண்மை. புரத மாவு விற்பவர்கள் பொய்யான பசியைக் காட்டி விற்கவில்லை. உண்மையான பசிக்கு விலை உயர்ந்த விடையை விற்கிறார்கள்.

விலை குறைந்த விடை சமையலறையிலேயே இருக்கிறது. சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, சாம்பாருக்குப் போடும் பருப்பை இரட்டிப்பாக்கி, தெளிவாக இறுத்து ஊற்றாமல் கெட்டியாக ஊற்றலாம். மாலை முறுக்குக்குப் பதிலாக முப்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஆறு கிராம் புரதம் கிடைக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ ஆறு கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு கிராம். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும். மாவாகத்தான் குடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு இருக்கிறது. நூறு கிராமில் இருபது கிராமுக்குக் குறையாத புரதம் கொண்டது, எந்த மளிகைக் கடையிலும் கிடைப்பது. பல் இல்லாதவர்களுக்கு அதைக் கஞ்சியாகக் காய்ச்சலாம். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் பாலும் உண்டு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் கேழ்வரகு என்ற பெயரில் வெல்லமும் நெய்யும் நிறைந்த லட்டை எடை குறைப்புக்குப் பரிந்துரைக்கும் புதுப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. சிறுதானியமும் மாவுச்சத்துத்தான், அளவு தவறினால் அதுவும் எடை கூட்டும்.

டப்பாவில் வரும் புரத மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் 36 புரத மாவுகளைக் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆய்வகத்தில் சோதித்து 2024 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 சதவீத மாவுகளில் லேபிளில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. பருப்பு டப்பாவில் லேபிளைப் பற்றிய இந்தச் சந்தேகம் இல்லை.

துணைச்சத்து மாத்திரைகள் எல்லாமே வீண் என்று கூறுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. என் அக்காவையே எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு உடலில் பி12 குறையும் என்பது மருந்துத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதோடு அவர் சைவ உணவு உண்பவர்; வயது ஏற ஏற இரைப்பையில் அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12 உடலில் சேர்வதும் குறைகிறது. மூன்று காரணங்களும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு என்று அவர் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததைச் சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். இரத்தப் பரிசோதனை செய்து பி12 ஊசி போட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கக்கூடிய குறை அது. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குப் பானம் குடித்தவருக்கு உண்மையில் தேவைப்பட்ட சத்து, அதில் மிகச் சிறு பங்கு விலையில் கிடைக்கும் மருந்தில் இருந்தது. சோதித்துப் பார்த்துக் குறையிருந்தால் கொடுப்பது மருத்துவம். சோதிக்காமல் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பது வியாபாரம்.

சோதிக்காமல் சாப்பிடும் மாத்திரை வேறு மருந்துகளைக் கெடுப்பதையும் மருந்து வழங்கும் சன்னலுக்குப் பின்னால் நின்று பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, மறக்காமல் இருக்க வேண்டும் என்று அதோடு சேர்த்தே கால்சியம் மாத்திரையையும் விழுங்கிவிடுவார்கள். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அது தெரியாமல், பரிசோதனை எண் இறங்கவில்லை என்று மருந்தின் அளவை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போவார்கள். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் பொய்யாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் கே கலந்த சத்து மாத்திரை மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது இவற்றை யாரும் சொல்வதில்லை. சத்துதானே, மருந்தா என்பார்கள்.

எடை குறைக்கும் சாறு மாத்திரைகளின் கதை இன்னும் கவலைக்குரியது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன் குழம்பில் போடும் குடம்புளியை எல்லோரும் அறிவோம். அதன் சாற்றைச் செறிவூட்டி மாத்திரையாக்கி உலகெங்கும் விற்கிறார்கள். 1998 இல் வெளியான, 135 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரங்கள் நடத்திய ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடை இழப்பில் வேறுபாடு தென்படவில்லை. அதன் பிறகு அது கலந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களின் செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கின்றன. பச்சைத் தேயிலைச் சாறும் அப்படியே: கோப்பையில் குடிக்கும் தேநீருக்கு எச்சரிக்கை இல்லை, ஆனால் அதன் முக்கியச் சத்தை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் கூறியது. சமையலில் இருப்பதால் எவ்வளவு சாப்பிட்டாலும் தீங்கில்லை என்ற நம் நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010 இல் அமெரிக்காவிலும் 2011 இல் இந்தியாவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, மூலிகை என்று விற்கப்படும் எடை குறைப்பு மாத்திரைகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தொடர்ந்து கண்டுபிடித்து அறிவித்துவருகிறது. வியக்கத்தக்க வேகத்தில் பசி அடங்குகிறது என்றால், மகிழ்வதற்கு முன் அஞ்ச வேண்டும்.

முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் சொல்வதற்கு அதிகமில்லை. பின்லாந்தில் 29,000 பேருக்கு மேல் புகைப்பிடிக்கும் ஆண்களிடம் நடத்தி 1994 இல் வெளியிட்ட ஆய்வில், நோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான். வைட்டமின் டி குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. ஆனால் அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படாத பொதுவான முதியவர்களுக்கு அது புற்றுநோயையோ மாரடைப்பையோ எலும்பு முறிவையோ குறைக்கவில்லை.

இத்தனையும் தெரிந்திருந்தும் விற்பனை எப்படி நடக்கிறது என்றால், சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், தீர்த்துவைப்பதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் சேர்த்திருக்கிறது. ஆனால் இந்த மாவுகளும் மாத்திரைகளும் மருந்தாக அல்ல, உணவாக உரிமம் பெற்றவை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண்ணோடு வருபவை. உரிமம் கேட்கும்போது உணவு, தெருவில் விற்கும்போது மருந்து. அதே ஆணையத்தின் 2016 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும், பலவகை உணவுக்கு இது மாற்றல்ல என்றும் டப்பாவில் எழுதச் சொல்கிறது. எழுதியும் இருக்கிறார்கள். என் அக்காவின் டப்பாவில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் படித்தேன், ஆங்கிலத்தில். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மாநில மொழி விருப்பம் என்பது விதி. சென்ற தலைமுறைத் தமிழாசிரியையான என் அக்கா, தான் குடிப்பது மருந்தல்ல என்ற ஒரு வரியைத் தன் மொழியில் படிக்க வழியில்லாமல் நான்கு மாதங்கள் குடித்திருக்கிறார். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் திண்ணையிலும் நடைப்பயிற்சிக் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கும் விற்பனைக்கு விளம்பரம் என்ற பெயரே பொருந்துவதில்லை.

மாநில அரசுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் ஓர் அளவு நாடாவும், கேட்பதற்கு இரண்டு கேள்விகளும் கொடுத்தால் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை தொடர்ந்து எழுந்து உட்கார முடிகிறதா என்பது ஒன்று. மருத்துவர் எழுதித் தராத மாத்திரையோ மாவோ ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது மற்றொன்று. முதியவர் ஒருவர் எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்தை இழந்தால், அது பாராட்ட வேண்டிய செய்தியல்ல, காசநோயோ புற்றுநோயோ கட்டுப்படாத சர்க்கரையோ என்று தேட வேண்டிய அறிகுறி. மாவு குடிப்பவரிடம் அந்த அறிகுறி மறைந்துபோகிறது; எடை குறைவதற்கு மாவே காரணம் என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

அக்கா இப்போது பி12 ஊசியும், மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டியும் எடுத்துக்கொள்கிறார். நாள்தோறும் காலையில் சமையலறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். தொடக்கத்தில் மூன்று முறை, இப்போது பன்னிரண்டு முறை. இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறது, இடுப்புச் சுற்றளவு கூடவில்லை.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரங்களை வெளியிடுவதில்லை என்று முடிவெடுக்கும்படி கேட்கும் உரிமை எனக்கில்லை. நாளிதழ் நடத்துவதன் செலவை நான் அறிவேன். ஆனால், டப்பாவின் பின்புறத்தில் சட்டம் ஏற்கெனவே எழுதச் சொல்லியிருக்கும் அந்த இரண்டு வரிகளை, விலை அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில், தமிழில், விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையைத் தாங்கள் விதிக்க முடியும். மறுக்கும் நிறுவனம் எது என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்கவும் முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.